மரத்தைக் கும்பிட்ட அப்பா

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, காட்டுக்குள் மலை மாதிரி ஒரு மிருகத்தைப் பார்த்தேன், அதன் வயிற்றின்மேல் ஏறிப் பேசினேன் என்கிறாள். எங்கே காட்டு என்றால் புதருக்குள் நுழைந்து, குனிந்து, தவழ்ந்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாள். அக்கா சிரிக்கிறாள். அப்பாவும் சிரித்துவிடுகிறார். குழந்தையின் முகம் சுருங்குகிறது. பொய் இல்லை, நிஜமாகப் பார்த்தேன் என்கிறாள். அப்பா நிதானமாகிறார். நீ பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, காட்டின் தலைவரைச் சந்தித்திருப்பாய், அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்க்காது என்கிறார். பிறகு மூவரும் பெரிய கற்பூர மரத்தடிக்குப் போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்குகிறார்கள்.

'மை நெய்பர் டோட்டோரோ' படத்தில் வரும் சின்னக் காட்சி இது. அந்த அப்பா படம் முடியும்வரை டோட்டோரோவைப் பார்ப்பதே இல்லை. அவர் தொல்லியல் படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்துபவர். மனதுக்குள் எதை நம்புகிறார் என்று படம் சொல்வதில்லை. தன் கண்ணுக்குப் படாததை மறுக்காமல் குழந்தையின் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகளோடு படம் பார்க்க உட்காரும் பெரியவரின் நிலையும் இதுவே. திரையில் குழந்தை காண்பது ஒன்று, நாம் காண்பது வேறொன்று. ஆகவே ஒரு குடும்பப் படத்தை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, அது பெரியவரை எங்கே உட்காரவைக்கிறது என்பதைத்தான். குழந்தையின் பக்கத்திலா, எதிரிலா, வாசலுக்கு வெளியிலா?

ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ எடுத்த படங்களை இந்தக் கேள்வியால் தரம்பிரித்துப் பார்க்கலாம். ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹதா என்ற இரு இயக்குநர்களும் தோஷியோ சுசுகி என்ற தயாரிப்பாளரும் 1985இல் உருவாக்கிய நிறுவனம் அது. இருபதுக்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் அங்கிருந்து வந்துள்ளன. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் அவற்றில் 21 படங்களை இந்தியா உட்படப் பல நாடுகளுக்குக் கொண்டுவந்த பிறகு, திரைவிழாக்காரர்களின் சொத்தாக இருந்தவை நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. எந்தப் படத்தைப் பிள்ளைகளோடு போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அளவுகோல் ஒன்றே போதாது, இன்னும் இரண்டு வேண்டும். இரண்டாவது, வசனம் புரியாத குழந்தை. ஜப்பானிய ஒலி, கீழே ஆங்கில வரிகள், பார்ப்பது ஐந்து வயதுப் பிள்ளை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் அது குழந்தைக்கான படமாகப் பாதிதான் தேறும். மூன்றாவது, பத்தாவது முறை. பெரியவர்கள் ஒரு படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறார்கள். குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பத்தாவது முறையும் பெரியவருக்குப் புதிதாக ஏதேனும் கிடைக்கிறதா?

முதலில் களத்திலிருந்து விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடலாம். 'நௌசிக்கா' 1984இல், நிறுவனம் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) வெட்டுண்டு பறக்கும் கைகளோடு வேறு வயதுக்காரர்களுக்கானது. 'ஒன்லி யெஸ்டர்டே', 'த விண்ட் ரைசஸ்' இரண்டும் பெரியவர்கள் தனியாகப் பார்த்து அசைபோட வேண்டியவை. 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ'யை எந்த வரிசையிலும் உயர்த்த வழியில்லை. தகாஹதாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' நிறுவனத்தின் மகத்தான படங்களில் ஒன்று. ஆனால் போர்க்காலத்தில் பட்டினியால் சாகும் அண்ணன் தங்கையின் கதைக்கு இந்தப் பட்டியலில் மூன்றாவது, நான்காவது என்று எண் போடுவது அபத்தம். அதைப் பற்றிப் பேசும் இடம் பின்னால் வருகிறது.

மீதியில் ஏழு படங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாவது இடம் 'ஹவ்ல்ஸ் மூவிங் காசில்' (2004). டயானா வின் ஜோன்ஸின் நாவலிலிருந்து எடுத்தது. தொப்பி தைக்கும் இளம்பெண் சோஃபி சாபத்தால் ஒரே இரவில் கிழவியாகிறாள். கிழவியான பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கிறது, துணிச்சல் வருகிறது. பாட்டியோடு சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. கோழிக்கால் வைத்து நடக்கும் அந்த இரும்புக் கோட்டையைக் குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். ஆனால் பாதிக்குமேல் கதை இறுக்கம் இழக்கிறது. ஊரையே எரித்துக்கொண்டிருந்த போர், கடைசியில் அரண்மனைச் சூனியக்காரி இனி நிறுத்திவிடலாம் என்று நினைத்ததும் முடிகிறது. போர் ஏன் வந்தது என்று குழந்தை கேட்டால் பெரியவரிடமும் பதில் இருக்காது. இங்கே இருவரும் சேர்ந்து குழம்புகிறோம்.

ஆறாவது 'லபுடா: காசில் இன் த ஸ்கை' (1986). நிறுவனத்தின் பெயரில் வந்த முதல் படம். துரத்தல், வானில் மிதக்கும் தீவு, பாழடைந்த தோட்டத்தில் உடம்பெல்லாம் பாசி படிந்து பறவைக் கூட்டைப் பத்திரமாகக் காக்கும் இயந்திர மனிதன் என்று சாகசத்துக்குக் குறைவில்லை. பத்து வயதுப் பையன் நகம் கடித்துக்கொண்டு பார்ப்பான். ஆனால் இங்கே பெரியவர் பெரும்பாலும் எதிரே நிற்கிறார். நாயகன் நாயகி இருவரும் அநாதைகள். அதிகாரம் உள்ள பெரியவர்கள் எல்லோரும் நாயகியின் மந்திரக் கல்லுக்கும் ஆயுதத்துக்கும் அலைபவர்கள். கொள்ளைக்காரக் கிழவி டோலா மட்டும் மெல்ல மெல்ல ஒரு முரட்டுத் தாயாக மாறுகிறாள். அவள் இல்லையென்றால் இது திறமையான துரத்தல் படமாகவே நின்றிருக்கும்.

ஐந்தாவது 'ஆரியட்டி' (2010). மேரி நார்ட்டனின் கதையை வைத்து ஹிரோமாசா யோனெபயாஷி இயக்கியது. வீட்டின் தரைக்கு அடியில் விரல் உயர மனிதர்கள் மூவர்: அப்பா, அம்மா, மகள். ஒரு சர்க்கரைக் கட்டியும் ஒரு காகிதக் கைக்குட்டையும் எடுத்துவர மகளை அப்பா முதன்முறையாகக் கூட்டிப்போகும் இரவுக் காட்சி, கிப்லி எடுத்த மிக நல்ல அப்பா-மகள் காட்சிகளில் ஒன்று. நம் காதுக்கு எட்டாத ஒலிகள் அவர்களுக்கு எப்படி முழங்கும் என்பதைப் படம் ஒலியாலேயே காட்டுகிறது. வசனம் தேவையே இல்லை. ஆனால் பிற்பாதியில் வேலைக்காரம்மாளை வில்லியாக்கி ஓடிப்பிடித்து விளையாடும்போது அந்த நுட்பம் தளர்ந்துவிடுகிறது. பத்தாவது முறைக்கு அதிகம் மிச்சமில்லை.

நான்காவது 'போன்யோ' (2008). இங்கிருந்து எடை கூடுகிறது. கணினிப் படங்கள் உலகை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், சுமார் 1,70,000 சித்திரங்களைக் கையால் வரைந்து எடுத்த படம். கடலடியில் நடக்கும் தொடக்கக் காட்சியில் பேச்சே கிடையாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம். மீனாக இருந்து சிறுமியாகிவிட்ட போன்யோ, புயல் மழையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அந்த வீட்டின் ஐந்து வயதுப் பையன் சோசுகேயின் அம்மா லிசா, இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. தலை துவட்டிவிடுகிறாள், தேன் கலந்த பால் கொடுக்கிறாள், ஹாம் துண்டு போட்டு நூடுல்ஸ் செய்து தருகிறாள். கொதிநீர் ஊற்றி மூடிவைத்த கிண்ணத்தின் முன்னால் இரண்டு குழந்தைகள் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் வீடு என்பதன் முழு அர்த்தமும் வந்துவிடுகிறது. 'டோட்டோரோ' படத்து அப்பா நம்பிக்கையால் செய்ததை லிசா சோற்றால் செய்கிறாள்.

பிறகு ஏன் நான்காவது? காரணம் இரண்டு. அதே லிசா, கடல் ஊரை விழுங்கிய இரவில் இரண்டு குழந்தைகளையும் வீட்டில் தனியே விட்டுவிட்டு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போகிறாள். அவளுடைய கடமையுணர்வு புரிகிறது. ஆனால் படம் அதை ஒரு நெருக்கடியாக உணரவே இல்லை. இரண்டாவது, முடிவு. உலகின் சமநிலையே ஐந்து வயதுப் பையன் சொல்லும் ஒற்றைச் சம்மதத்தில் தொங்குகிறது. அவன் தயங்கக்கூட இல்லை. சோதனை என்று சொல்லிவிட்டுச் சோதிக்காமலே தேர்ச்சி கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன்களாக உருண்டு வரும் அந்தப் பேரலைகளைக் குழந்தை கைதட்டிப் பார்க்கும். 2004 டிசம்பர் சுனாமியை நினைவில் வைத்திருக்கும் நம் கரையோரத்துப் பெரியவர் அப்படிப் பார்க்க முடியாது. இதைப் படத்தின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஒரே சோபாவில் இரண்டு கடல்கள் ஓடும் என்பது மட்டும் உண்மை.

அடுத்துச் சொல்லப்போவதில்தான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 'ஸ்பிரிட்டட் அவே' (2001) எனக்கு மூன்றாவது இடத்தில்.

இந்தப் படத்தின் பெருமையை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2002இல் பெர்லின் திரைவிழாவின் தங்கக் கரடி, அடுத்த ஆண்டு ஆஸ்கர், ஜப்பானில் மட்டும் 3000 கோடி யென்னுக்கு மேல் வசூல், 2020 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாராலும் முறியடிக்கப்படாத வசூல் சாதனை. தெய்வங்கள் குளிக்க வரும் விடுதி, பெயரைப் பிடுங்கிக்கொண்டு வேலை கொடுக்கும் முதலாளி யுபாபா, நாற்றமெடுத்த சேற்றுக் குவியலாக வந்து உடம்பிலிருந்து சைக்கிளும் குப்பையும் உருவப்பட்டதும் நதித் தெய்வமாகச் சிரித்துக்கொண்டு பறக்கும் விருந்தாளி. கற்பனை வளத்தில் இதற்கு நிகரான அனிமேஷன் படத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீரின்மேல் ஓடும் ரயிலில் நாயகிச் சிறுமி சிஹிரோ பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் எதுவும் நடப்பதில்லை. நிழலுருவங்கள் இறங்குகின்றன, பொழுது சாய்கிறது. ஒரு குழந்தை வளர்ந்துவிட்டதை இதைவிட அமைதியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் பெரியவருக்கு இந்தப் படம் கொடுக்கும் இடம் எது? குற்றவாளிக் கூண்டு. கையில் பணமும் அட்டையும் இருக்கிறது என்ற தைரியத்தில் யாருமில்லாத கடையில் அள்ளித் தின்று அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிறார்கள். மகள் உழைத்து, அழுது, காப்பாற்றி மீட்கிறாள். அவர்களுக்கு ஒன்றுமே நினைவில்லை. சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது, இப்படி ஒட்டிக்கொண்டு வராதே, நடக்க முடியவில்லை என்று அம்மா அலுத்துக்கொள்கிறாள். திரும்பி வரும்போதும் அதையே சொல்கிறாள். அதே அலுப்பு, அதே இருட்டு, மகளும் அதேபோல ஒட்டிக்கொண்டுதான் நடக்கிறாள். இயக்குநரின் கொடூரமான நுட்பம் அது. கார்மேல் படிந்த தூசியும் சருகும் மட்டுமே சாட்சி. நுகர்வில் மூழ்கிய தலைமுறைமீது மியாசாகி வைத்த வழக்கு நியாயமானது, தண்டனையும் பொருத்தமானது. ஒரு கலைப்படைப்பாக இதுதான் கிப்லியின் உச்சம் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் குடும்பமாகப் பார்க்கும்போது படம் குழந்தையிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்தப் பன்றித் தொழுவம் தரும் பயமும் சின்னதல்ல. பயம் தப்பில்லை. அந்தப் பயத்தில் கையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலிருப்பவர்தான் திரையில் பன்றியாகியிருக்கிறார் என்பது சங்கடம்.

இரண்டாவது இடம் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989), எய்கோ கடோனோவின் நாவல். சூனியக்காரி வம்சத்துப் பெண் பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுப் போய் ஓர் ஆண்டு வேறு ஊரில் பிழைக்க வேண்டும் என்பது விதி. கிகி அன்றிரவே கிளம்புகிறேன் என்கிறாள். அப்பா அவளைச் சின்னப்பிள்ளை மாதிரித் தூக்கிச் சுற்றி, எப்போது இவ்வளவு பெரியவளானாய் என்று கேட்கிறார். தானே செய்த புது விளக்குமாற்றில் போகிறேன் என்று மகள் சொல்ல, பழகிய என்னுடையதை எடுத்துப் போ என்று அம்மா வற்புறுத்துகிறாள். இங்கே பெரியவரின் இடம் வாசற்படி. வழியனுப்பும் இடம்.

படத்தில் வில்லன் கிடையாது. மழையில் நனைந்து கிகி கொண்டுபோய்க் கொடுத்த, பாட்டி சுட்ட மீன் 'பை' பலகாரத்தை, எனக்குப் பிடிக்காது என்று பேத்தி முகம் சுளித்து வாங்கிக்கொள்ளும் ஒரு நொடிதான் படத்தின் பெரிய காயம். சீக்கிரமே கிகிக்குப் பறக்க வரவில்லை. கறுப்புப் பூனை ஜிஜி பேசுவது அவளுக்குப் புரியவில்லை. பழகிப் பார்க்கும்போது அம்மா கொடுத்த விளக்குமாறு முறிந்துபோகிறது. கடைசியில் நண்பனைக் காப்பாற்ற அவள் ஏறுவது தெரு பெருக்குகிறவரிடம் இரவல் வாங்கிய துடைப்பத்தில். வசனம் ஒன்றும் இல்லாமல் ஒரு வாழ்க்கைப் பாடத்தை இந்த இரண்டு துடைப்பங்களிலேயே சொல்லிவிட்டார்கள். பறக்கும் திறமை திரும்புகிறது, பூனையின் பேச்சு மூல ஜப்பானிய வடிவத்தில் திரும்புவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை பூனைக்காக வருத்தப்படும். நாற்பது வயதுக்காரருக்கு அது ஏன் திரும்பாது என்று தெரியும். கிகிக்கும், சோர்ந்த நேரத்தில் அவளைத் தேற்றும் ஓவியப் பெண் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகயாமா. மகளின் வருங்காலமே மகளோடு உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். பத்தாவது முறையில் கிடைக்கும் வெகுமதி இது.

குறை, உச்சக்கட்டம். வான்கப்பல் விபத்து விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் அதுவரை ஓடிய மென்மையான படத்தின்மேல் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஒரு விபத்தை மருந்தாக்குவது எளிய வழி. அந்த ஒட்டு இல்லையென்றால் முதலிடத்துக்குக் கடும் போட்டி வந்திருக்கும்.

ஆக, முதலிடம் 'டோட்டோரோ'. இது பலர் எதிர்பார்த்த தீர்ப்புதான். எதிர்பார்த்த தீர்ப்புக்கு வாதம் இரட்டிப்பாக வேண்டும். எனவே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. 1950களின் ஜப்பானியக் கிராமத்தை, கஸுவோ ஓகாவின் பச்சைப் பின்னணிகளில் குளிப்பாட்டி, வறுமையும் போரின் வடுவும் தெரியாமல் அழகாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அப்பா நிஜமாக இருக்க முடியாத அளவுக்கு நல்லவர். இது ஏக்கத்தை விற்கும் படம்.

வாதத்தில் பாதி உண்மை. போர் முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத கிராமத்தில் போரின் சுவடே இல்லை. ஆனால் 1988 ஏப்ரல் 16 அன்று இந்தப் படம் தனியாக வெளிவரவில்லை. ஒரே சீட்டில் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தோடு சேர்த்துத் திரையிட்டார்கள். ஒன்றில் இரு குழந்தைகளைச் சுற்றியிருந்த பெரியவர்கள் கைவிட்டார்கள், அவர்கள் செத்தார்கள். மற்றதில் அப்பா, பக்கத்து வயல் பாட்டி, அடுத்த வீட்டுப் பையன், கடைசியில் ஊரே திரண்டு தொலைந்த குழந்தையைத் தேடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 'டோட்டோரோ'வின் இனிப்பு வேறு சுவை கொள்கிறது. ஒரு குழந்தை பிழைத்திருக்கச் சுற்றிலும் எத்தனை பேர் தேவை என்ற கணக்கு அது.

ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சரியல்ல. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. மியாசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். ஒரு தந்தி வருகிறது. அதுவரை சமையல், பள்ளி, தங்கை என்று எல்லாவற்றையும் தாங்கிய அக்கா சத்சுகி பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். அம்மா செத்துப்போனால் என்ன செய்வது? அந்தச் சொல்லைக் குழந்தைப் படத்தில் சொல்ல அனுமதித்ததே நேர்மை. அதற்கு டோட்டோரோ அம்மாவைக் குணமாக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய நேர்மை. பூனைப் பேருந்தை வரவழைத்துத் தங்கையைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அவ்வளவுதான். வியாதி வியாதியாகவே இருக்கிறது, தந்திக்குக் காரணமாக அம்மாவுக்கு வந்தது வெறும் ஜலதோஷம்.

வசனம் புரியாத குழந்தை? மழையில் பேருந்து நிறுத்தத்தில் தலையில் ஓர் இலையோடு வந்து நிற்கும் டோட்டோரோவுக்குக் குடை கிடைக்கிறது. மரத்திலிருந்து குடைமேல் சொட்டும் ஓசையில் அது சொக்கிப்போய், ஒரு குதி குதித்து மொத்த மழையையும் உலுக்கிக் கொட்டுகிறது. இதை எந்த மொழியில் விளக்க வேண்டும்? பத்தாவது முறை? அப்போதுதான் பெரியவர்களைக் கவனிப்போம். பழைய வீட்டில் திரியும் கரித்துகள் பூச்சிகளைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன் என்கிறாள் பாட்டி. அப்பா பார்த்ததில்லை, ஆனால் மறுப்பதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிரே மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மகள்களை அம்மா பார்த்தாளா இல்லையா? அந்த மரத்தில் இருவரும் சிரித்த மாதிரி இருந்தது என்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஒரு சோளக்கதிர் இருக்கிறது, மட்டையில் 'அம்மாவுக்கு' என்று கீறியிருக்கிறது. பார்த்து மறந்தவள், பாராமல் நம்புகிறவர், பாதி பார்த்தவள் என்று குழந்தையின் பார்வைக்குப் பக்கத்தில் பெரியவர் நிற்கக்கூடிய இடங்களையெல்லாம் எண்பத்தாறு நிமிடப் படம் ஒவ்வொன்றாக நிரப்பிவைத்திருக்கிறது.

அப்பா அளவுக்கு மீறி நல்லவர் என்ற குற்றச்சாட்டு மீதமிருக்கிறது. அதற்குப் பதில் கிப்லியின் இன்னொரு அப்பாவிடம் கிடைக்கும். தகாஹதாவின் கடைசிப் படம் 'த டேல் ஆஃப் த பிரின்சஸ் காகுயா' (2013). மூங்கிலுக்குள் மகளைக் கண்டெடுத்த மூங்கில்வெட்டி, அதே மூங்கிலில் பொன்னும் பட்டும் கிடைத்ததும், அவளை இளவரசியாக்கச் சொல்லி வானம் கட்டளையிட்டுவிட்டதாக முடிவு செய்கிறார். மலையில் ஓடித்திரிந்தவளைத் தலைநகருக்குக் கூட்டிப்போய்ப் புருவத்தைப் பிடுங்கவைத்து, திரைக்குப் பின்னால் உட்காரவைக்கிறார். அவரும் மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். மகள் எதைக் காண்கிறாள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கரிக்கோடுகளாகச் சிதறி அவள் ஓடும் அந்தக் காட்சியைப் பெற்றோர் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதாலேயே அந்தப் படத்தை இந்த வரிசைக்கு வெளியே வைத்தேன். பாசத்தில் அந்த மூங்கில்வெட்டி 'டோட்டோரோ' அப்பாவுக்குக் குறைந்தவர் அல்ல. ஆகவே 'டோட்டோரோ' அப்பாவின் சிறப்பு நல்ல மனதில் இல்லை. அவர் செய்த காரியத்தில் இருக்கிறது: சிரித்தார், குழந்தையின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். நிஜத்தில் நடக்கமுடியாத காரியம் ஒன்றும் இல்லை அது.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு போடும்போது, தங்கை மேய் புதருக்குள் நுழையும் இடத்தில் பக்கத்திலிருக்கும் முகத்தைத் திரும்பிப் பார்க்கலாம். அந்த முகத்தில் தெரிவது நம் கண்ணுக்குப் படாது. பட வேண்டும் என்று இந்தப் படம் நம்மிடம் கேட்கவும் இல்லை.